கருப்பு ராஸ்பெர்ரி: வளர்க்கவும் பறிக்கவும் புதியவர்களுக்கான வழிகாட்டி

கருப்பு ராஸ்பெர்ரி பட்டுப்போனால் பழி குளிரின் மேலும் பூச்சியின் மேலும்தான் விழுகிறது. பெரும்பாலும் காரியம் கெட்டது நடுவதற்கு முன்பே: காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி, போன வருடம் கத்தரிக்காய் போட்ட பாத்தி, அந்த ஊர்க் குளிருக்கு ஒத்துவராத ரகம். இந்த மூன்றையும் தவிர்த்துவிட்டால் மற்றதெல்லாம் கத்தரிக்கோல் வேலைதான். வட அமெரிக்காவில், குறிப்பாக ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க், நியூ ஜெர்சி, தெற்கு ஒன்டாரியோ பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்தச் செடி இயற்கையாகவே விளையும் மண் அதுதான். மற்ற இடங்களைப் பற்றி இரண்டாம் பகுதியில் இருக்கிறது.

1. எது கருப்பு ராஸ்பெர்ரி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் கருப்பாகக் கிடைப்பது அநேகமாக பிளாக்பெர்ரி. இரண்டும் வேறு. பழத்தைப் பறித்ததும் அடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே குழிவாக, தொப்பி போல இருந்தால் ராஸ்பெர்ரி. வெள்ளைத் தண்டு பழத்தோடே வந்திருந்தால் பிளாக்பெர்ரி. கருப்பு ராஸ்பெர்ரி மேலே மங்கலாக, மெல்லிய சாம்பல் பூச்சோடு இருக்கும். பிளாக்பெர்ரி பளபளக்கும்.

பழம் இல்லாத காலத்தில் தண்டைப் பாருங்கள். ஊதா நிறத் தண்டின் மேல் விபூதி பூசியது மாதிரி வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் அழிந்து உள்நிறம் தெரியும். முள் வளைந்திருக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளை. தண்டு வில்லாக வளைந்து நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடி கிளம்பியிருக்கும். சிவப்பு ராஸ்பெர்ரி வேரிலிருந்து கன்று விட்டுத் தோட்டம் முழுக்கப் பரவும். கருப்பு அப்படிச் செய்யாது, வைத்த இடத்திலேயே நிற்கும். சின்னக் கொல்லை உள்ளவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

2. உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் மண்டல எண் வரும். கருப்பு ராஸ்பெர்ரிக்கு 5 முதல் 8 வரை சரி. கனடாவில் இருப்பவர்கள் கவனிக்க: கனடா அரசின் மண்டல எண் வேறு கணக்கு. நாற்றுக்கடை அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அமெரிக்க எண். இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

மண்டலம் 4, அதாவது மினசோட்டா, ஒட்டாவா மாதிரியான இடங்கள்: வேர் பிழைக்கும், தண்டு கருகும். பழம் காய்ப்பது போன வருடத்துத் தண்டில் என்பதால், தண்டு போனால் அந்த வருடப் பழமும் போயிற்று. செடி மட்டும் ஒவ்வொரு கோடையிலும் செழித்து நின்று ஏமாற்றும். இங்கே 'ஜூவல்' ரகத்தைக் காற்று மறைவான இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 'நைவாட்' என்ற ரகம் அதே வருடத் தண்டின் நுனியிலும் இலையுதிர் காலத்தில் காய்க்கும். ஆனால் உறைபனி சீக்கிரம் வரும் ஊரில் அது பழுக்க நாள் போதாது.

ஒரிகானின் வில்லமெட் பள்ளத்தாக்கு: அமெரிக்காவில் வணிகமாக இது விளையும் முக்கிய இடம். ரகம் 'மங்கர்'. கோடையில் மழை இல்லை, சொட்டுநீர் கட்டாயம். குளிர்காலம் முழுக்க மழை, ஆகவே வடிகால் இல்லாத மண்ணில் வேர் அழுகும்.

டெக்சஸ், வளைகுடாக் கரை, புளோரிடா: வேண்டாம். போதுமான குளிர் கிடைக்காமல் மொட்டு சரியாக விழிக்காது, கோடை வெயிலும் தாங்காது. தெற்கு புளோரிடாவில் 'மைசூர் ராஸ்பெர்ரி' என்று விற்கும் ரூபஸ் நிவியஸ் வளரும். அதற்குக் குளிர்காலமே தேவையில்லை. நீலகிரி, கொடைக்கானல் மலைப்பாதை ஓரங்களில் கருஊதா நிறத்தில் பழுப்பதும் இதே இனம்தான். ஆனால் ஹவாயிலும் காலாபகஸ் தீவுகளிலும் இது அடங்காத களையாகிவிட்டது. ஹவாயில் இருப்பவர்கள் நடவே வேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ அமெரிக்கக் கருப்பு ராஸ்பெர்ரி நாற்றை யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. இடம்: கத்தரி, தக்காளி, மிளகாய் போட்ட பாத்தி ஆகாது

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொல்லையில் நல்ல வெயிலும் நல்ல மண்ணும் உள்ள பாத்தி எதுவோ அதில்தான் கத்தரி, தக்காளி, மிளகாய் போட்டிருப்போம். அந்தச் செடிகளைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை மண்ணிலேயே பல வருடம் கிடக்கும். உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரியும் அதே கணக்கு. கருப்பு ராஸ்பெர்ரிக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி சிவப்பைவிடக் குறைவு. கோடை நடுவில் ஒரு தண்டின் இலை கீழிருந்து மேலாக மஞ்சளாகி வாடும், தண்டில் நீலம் பாயும், பிறகு மொத்தச் செடியும் போகும். மருந்து கிடையாது. கடந்த 4, 5 வருடங்களில் மேற்சொன்ன எதுவும் போடாத இடமாகப் பாருங்கள். இல்லையென்றால் புல்தரையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள்.

மற்ற தேவைகள்: தினமும் 6 மணி நேரத்துக்குக் குறையாத வெயில். மழை பெய்து மறுநாளும் தண்ணீர் நிற்கும் இடமாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி. மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.6 முதல் 6.5. சிவப்பு ராஸ்பெர்ரியிலிருந்தும் காட்டுப் புதரிலிருந்தும் குறைந்தது 100 அடி தள்ளி. அசுவினி அங்கிருந்து வைரஸைக் கொண்டுவந்துவிடும். சிவப்பு ராஸ்பெர்ரி அதே வைரஸோடு பார்வைக்கு நன்றாகவே நிற்கும், கருப்புதான் இரண்டு மூன்று வருடத்தில் குட்டையாகிச் சாகும். பக்கத்து வீட்டுக்காரர் சிவப்பு வைத்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. கொல்லையின் எதிர் மூலைக்குப் போங்கள்.

மண் பரிசோதனையை முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடியுங்கள். மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஏறக்குறைய 10 முதல் 30 டாலர் ஆகும். பி.எச். ஏற்றச் சுண்ணாம்போ இறக்கக் கந்தகமோ போட்டால் வேலை செய்யப் பல மாதம் பிடிக்கும். மார்ச் மாதம் சோதித்து ஏப்ரலில் நடுவது வீண் செலவு.

4. காகிதமும் அனுமதியும்

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள்; முள் செடி, பல வருடம் நிற்கப்போவது. குடியிருப்போர் சங்கம் உள்ள இடத்தில் கம்பிப் பந்தலுக்குத் தனி விண்ணப்பம் கேட்கலாம். வாடகைக்கு எடுக்கும் சமூகத் தோட்டப் பாத்திகள் பலவற்றில் பல்லாண்டுச் செடிக்கே தடை உண்டு. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நாற்று வாங்குங்கள்.

பந்தலுக்குக் கம்பம் ஊன்றுவதானால் தோண்டும் முன் அழையுங்கள்: அமெரிக்காவில் 811, ஒன்டாரியோவில் 'ஒன்டாரியோ ஒன் கால்' சேவை. இரண்டும் இலவசம். நிலத்தடி வாயு, மின்சாரக் குழாய் போகும் இடத்தை வந்து குறித்துவிட்டுப் போவார்கள். அமெரிக்காவில் இரண்டு மூன்று வேலைநாள், ஒன்டாரியோவில் ஐந்து வேலைநாள் முன்பாகச் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்தோ எல்லை தாண்டியோ பெட்டியில் செடி, தண்டு எதுவும் கொண்டுவராதீர்கள். தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் பிடிபட்டால் பறிமுதல், அபராதம். உள்நாட்டு நாற்றுக்கடையிலேயே வாங்குவதுதான் மலிவும்.

இன்னொரு குழப்பம்: பைன் மர நோய் காரணமாகச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உள்ளது கரன்ட், கூஸ்பெர்ரி வகையான ரைபீஸ் செடிகளுக்குத்தான். பிளாக் கரன்டும் கருப்பு ராஸ்பெர்ரியும் ஒன்றென்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

5. நாற்று வாங்குவது

காட்டுச் செடியைப் பெயர்த்து வராதீர்கள். நண்பர் வீட்டுக் கன்றும் வேண்டாம். இரண்டிலும் வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம், வெளியே தெரியாது. வைரஸ் சோதனை செய்யப்பட்டது என்று சான்று உள்ள, திசு வளர்ப்பிலிருந்து வந்த நாற்றைக் கேளுங்கள்.

கிழக்குப் பகுதிக்கு முதல் தேர்வு 'ஜூவல்'. நியூயார்க்கின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1973இல் வெளியிட்டது. பழம் பெரிது, நோய் குறைவு. 'பிரிஸ்டல்' சுவையானது, ஆனால் ஆந்த்ராக்னோஸ் என்ற தண்டுப் புள்ளி நோய் எளிதில் பிடிக்கும். 'மேக்பிளாக்' தாமதமாகப் பழுக்கும். ஜூவலோடு சேர்த்து வைத்தால் பருவம் ஒரு வாரம் நீளும். மகரந்தத்துக்கு இரண்டாவது ரகம் தேவையில்லை.

ஒரு குடும்பத்துக்கு 5, 6 செடி போதும். ஒன்று ஏறக்குறைய 8 முதல் 15 டாலர், அனுப்பும் செலவு தனி. நன்றாக வளர்ந்த செடி வருடத்துக்கு அரை கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை தரும். முதல் கோடையில் பழம் கிடையாது, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில்தான் முழு விளைச்சல். டிசம்பர், ஜனவரியிலேயே பதிவு செய்யுங்கள். ஏப்ரலில் கடைக்குப் போனால் மிச்சம் கிடப்பது பெயர் தெரியாத ரகமாக இருக்கும்.

6. நடவு

மண் உழும் பதத்துக்கு வந்ததும், ஏப்ரல் வாக்கில். மண்ணில்லாமல் வெறும் வேரோடு வரும் நாற்று உறைபனியைத் தாங்கும். தொட்டியில் வந்த பச்சை நாற்றைக் கடைசி உறைபனி முடிந்தபிறகு நடுங்கள்.

வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், இரவு முழுக்க வேண்டாம். செடிக்குச் செடி 3 அடி, வரிசைக்கு வரிசை 8 அடி. நாற்றுக்கடையில் இருந்த ஆழத்துக்கு மேல் 2 செ.மீ. கூட்டலாம், அதற்குமேல் புதைத்தால் புதுக்குருத்து மேலே வரத் திணறும். வேரை விரித்து வைத்து மண் தள்ளி மிதித்து, செடிக்கு 4 லிட்டர் தண்ணீர். நட்டு முடித்து, தண்டாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய குச்சியைத் தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள். மனசு வராது. ஆனால் ஆந்த்ராக்னோஸ் அந்தக் குச்சியோடுதான் வீட்டுக்குள் வருகிறது. புதுக்குருத்து வேர் முடிச்சிலிருந்து வரும்.

நடும் குழியில் ரசாயன உரம் போடாதீர்கள், இளவேர் வெந்துபோகும். இரண்டு வாரம் கழித்து 10-10-10 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) செடிக்கு 50 கிராம், தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக. அடுத்த வருடங்களில் வசந்தத் தொடக்கத்தில் 100 கிராம். ஆகஸ்டில் உரம் போட்டால் இளந்தண்டு முற்றாமலே குளிரில் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் வாரத்துக்கு மழையும் சேர்த்து 25 மி.மீ., காய் பருக்கும்போது இன்னும் கொஞ்சம். இலைமேல் தெளிப்பான் வேண்டாம். மரத்தூள் மூடாக்கு 5 முதல் 8 செ.மீ.; களிமண்ணாக இருந்தால் முதல் வருடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. கவாத்து: எதை, எப்போது வெட்டுவது

இதில் தவறினால் செடி சாகாது, பழம்தான் வராது. ஒவ்வொரு தண்டின் ஆயுளும் இரண்டு வருடம். முதல் வருடம் வளரும், இரண்டாம் வருடம் காய்க்கும், பிறகு தானே காயும். கோடையில் புதரில் முதல் வருடத் தண்டும் இரண்டாம் வருடத் தண்டும் கலந்தே நிற்கும். புதுசு வழவழவென்று பச்சையும் ஊதாவுமாக, பொடி பூசி இருக்கும். பழசு பழுப்பாகிப் பட்டை உரிந்திருக்கும்.

கோடை நுனி வெட்டு: மே கடைசியிலிருந்து ஜூலை வரை, புதுத்தண்டு இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியில் 8 முதல் 10 செ.மீ. கிள்ளிவிடுங்கள். கம்பிப் பந்தல் இருந்தால் 3 அடியில். எல்லாத் தண்டும் ஒரே நாளில் அந்த உயரத்துக்கு வராது. வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வர வேண்டும். கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும், அடுத்த வருடப் பழம் அதில்தான். விட்டுவிட்டு ஐந்தடி ஆனபிறகு முற்றிய தண்டை வெட்டினால் கிளை சோனியாக வரும், வெட்டுக்காயத்தில் பூஞ்சையும் ஏறும். மழை வரப்போகும் நாளில் வெட்டாதீர்கள்.

அறுவடை முடிந்ததும்: காய்த்த தண்டைத் தரையோடு வெட்டித் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

குளிர்காலக் கடைசி, மார்ச் வாக்கில், மொட்டு விரியும் முன்: செடிக்கு 5, 6 தடித்த தண்டு மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். பக்கக்கிளைகளை 20 முதல் 30 செ.மீ. நீளத்துக்குக் குறையுங்கள். பாதிக்குப் பாதி வெட்டித் தள்ளியதாகத் தோன்றும். வெட்டாமல் விட்டால் பழம் சிறுத்து விதை மட்டும் மிஞ்சும்.

செடியைப் பெருக்க வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கிளை நுனியை வளைத்து, 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் மண்ணில் செருகுங்கள். அடுத்த வசந்தத்தில் வேர்விட்டிருக்கும், வெட்டிப் பிரித்து நடலாம். ஆரோக்கியமான செடியிலிருந்து மட்டும்.

8. நோயும் பூச்சியும்

வசந்தத்தில் இளம் இலையின் அடியில் பளீரென்ற ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது ஆரஞ்சுத் துரு. செடி முழுக்க, வேர் வரை பரவியிருக்கும். இலையைக் கிள்ளிப் பயனில்லை. பொடி பறக்கும் முன் செடியை வேரோடு தோண்டிப் பையில் கட்டி எறியுங்கள். தண்டில் ஊதா விளிம்பும் சாம்பல் நடுவுமாகப் புள்ளி விழுந்தால் ஆந்த்ராக்னோஸ்; மொட்டு அரை செ.மீ. பச்சை காட்டும்போது சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் தெளிக்கலாம். வெயில் காலத்தில் அதைத் தெளித்தால் இலை கருகும்.

பழத்துக்குள் சின்ன வெள்ளைப் புழு என்றால் புள்ளிச் சிறகுப் பழ ஈ. மற்ற பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இது பழுக்கும் பழத்திலேயே முட்டையிடும். 1 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள வலையைக் காய் நிறம் மாறும் முன் போர்த்துங்கள், பறவைக்கும் அதுவே காவல். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். பழுத்து உதிர்ந்ததைக் கீழே விடாதீர்கள்.

9. காட்டில் பறிப்பது

இடம் தேட நல்ல காலம் மார்ச். இலை இல்லாத காட்டோரத்தில் வெள்ளை படிந்த ஊதா வளைவுகள் தூரத்திலிருந்தே தெரியும். அடர்ந்த நிழலில் இருக்காது. காட்டின் விளிம்பு, கைவிட்ட வயல், நடைபாதை ஓரம் பாருங்கள். பறிக்க மூன்று வாரம்தான் அவகாசம். டென்னசியில் ஜூன் தொடக்கம், ஒஹாயோ, பென்சில்வேனியாவில் ஜூன் பிற்பாதி, நியூயார்க், ஒன்டாரியோவில் ஜூலை. காட்டு பிளாக்பெர்ரி பல வாரம் பிந்தித்தான் வரும். சிவப்பாக இருப்பது காய். பழுத்தது தொட்டாலே கையில் உதிரும்.

பழத்தில் ஆளைக் கொல்லும் போலி இல்லை. ஆனால் பக்கத்திலேயே போக்வீட் நிற்கும்: மென்மையான தனித்தனி உருண்டைகள், நீண்ட சரத்தில் தொங்கும், சிவந்த முள்ளில்லாத தண்டு. நச்சு. குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். தண்டெல்லாம் சிவந்த ரோமமாக இருந்தால் அது வைன்பெர்ரி. ஆசியாவிலிருந்து வந்த களை, பழம் சாப்பிடலாம். பாய்சன் ஐவிக்கும் மூன்று இலைதான், ராஸ்பெர்ரிக்கும் மூன்று. முள் இருக்கிறதா, அடியில் வெள்ளையா என்று பார்த்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

உண்ணிதான் உண்மையான ஆபத்து. லைம் நோயைப் பரப்பும் குட்டி உண்ணிகள் மும்முரமாக இருப்பது மே முதல் ஜூலை வரை, சரியாகப் பழக் காலத்தில். கசகசா அளவுதான் இருக்கும். முழுக்கை சட்டை, பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், துணிக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளியுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை அதிகச் சூட்டில் 10 நிமிடம் உலர்த்தியில் போட்டு, முழங்கால் மடிப்பு, அக்குள், காது பின்புறம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் நேராக மேல்நோக்கி இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களில் சொந்தத் தேவைக்குப் பழம் பறிக்கலாம். நியூயார்க் நகரப் பூங்காக்களில் கூடாது. தேசியப் பூங்காக்களில் எந்தப் பழம், எவ்வளவு என்பதை ஒவ்வொரு பூங்காவின் நிர்வாகமும் தனித்தனியே அறிவிக்கும். போவதற்கு முன் அதன் தளத்தில் படியுங்கள். தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டு. பென்சில்வேனியா, இல்லினாய், மிசௌரியில் மரத்தில் ஊதாப் பட்டை வரைந்திருந்தால் உள்ளே வராதே என்று பொருள். ஒன்டாரியோவில் அதற்குச் சிவப்பு. ரயில் பாதை ஓரமும் மின்கம்பி வழித்தடமும் ஆசைகாட்டும். அங்கே களைக்கொல்லி தெளிக்கிறார்கள், நுழைவதும் அத்துமீறல். பிரிட்டனில் காட்டில் கிடைப்பது பிளாக்பெர்ரி. இங்கிலாந்து, வேல்ஸில் விற்பனைக்கு அல்லாமல் காட்டுப் பழம் பறிப்பதைத் திருட்டாக 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் கொள்வதில்லை, அத்துமீறல் தனிக் கணக்கு. நீலகிரியிலும் பழனி மலையிலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது.

10. பறித்த பிறகு

வாளியை இடுப்பில் கட்டினால் இரண்டு கையும் முள்ளை விலக்கக் கிடைக்கும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் குவிக்காதீர்கள், அடியில் உள்ளது நசுங்கும். காலை பனி உலர்ந்தபிறகு பறியுங்கள். ஈரப் பழம் மறுநாளே பூசணம் பிடிக்கும். கழுவாமல் உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், 2, 3 நாள் தாங்கும். ஈ முட்டை இருந்தாலும் குளிரில் வளராது. சாப்பிடும்போது கழுவினால் போதும்.

மிஞ்சியதைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவைத்து, கல் மாதிரி ஆனதும் பைக்கு மாற்றுங்கள். நேரே பையில் போட்டால் ஒரே கட்டியாகும். ஜாமுக்கு விதை அதிகம். லேசாகச் சூடுகாட்டி நெகிழ்ந்ததும் நுண்கண் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்துவிட்டு, பிறகு சர்க்கரை சேருங்கள். சாறு துணியில் பட்டால் போகாது. பழைய சட்டையோடு இறங்குங்கள்.